கொறங்காடு எந்தத் திணை?

தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபோது, ஐந்திணையைக் கரும்பலகையில் கட்டம் போட்டுத்தான் நடத்துவேன். முதல், கரு, உரி. மதிப்பெண் நிச்சயம்.

ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "ஏனுங்கய்யா, எங்க கொறங்காடு முல்லைங்களா?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

கொறங்காடு தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழையை நம்பிய மேய்ச்சல் நிலம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். வெள்வேலங்காயை ஆடுமாடு தின்னும்; விதை சாணியோடும் புழுக்கையோடும் வேறெங்கோ விழுந்து முளைக்கும். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லில்தான். காடு, மாடு, மழை. முல்லைக்கு வேறென்ன வேண்டும்? உரிப்பொருள் இருத்தல். அதுவும் அங்கே இருந்தது. பையனின் அப்பாவுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் வருவார். அவன் அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் உறைக்கவில்லை.

ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது, நூலுக்கு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று பெயர் வைத்தார். மனசுக்குள் இருக்கும் நிலம். சிகாகோவில் பாடம் நடத்தியவருக்குத் தெரிந்தது, காட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை.

இந்திய இலக்கியம் ஓர் ஆலமரம், மொழிகளெல்லாம் விழுதுகள் என்று ஆண்டு விழா மேடைகளில் நானும் முழங்கியிருக்கிறேன். இன்று அது ஒப்பவில்லை. ஆலமரத்தடியில் புல் சரியாக வளராது. புல், கொடி, மரம், வேலி எல்லாம் அதனதன் வேரில் நிற்கிற கொறங்காடு என்று சொல்லியிருக்கலாம். ஒன்றின் விதையை இன்னொன்று தின்று, எங்கோ போய் முளைக்க வைக்கிறது. மொழிபெயர்ப்பும் ஏறக்குறைய அந்த வேலைதான். (சாணி உவமை என்று தமிழ்ப் புலவர்கள் கோபிக்க வேண்டாம்.)

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. "கொறங்காட்ட வித்தாச்சுங்கய்யா. சைட்டு போட்டுட்டாங்க" என்றான். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். சைட் போட்டால் என்ன திணை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"அன்னைக்கு வகுப்புல ஒரு கேள்வி கேட்டியே, ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

"இல்லீங்களே" என்று சிரித்தான். திருப்பூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டான்.