காணாத நாராயணி

விரும்பிப் பயின்ற கதை வெண்திரைக்கு வருகிறதென்றால் ஆவலோடு செல்கிறோம். திரும்புகையில் முகம் வாடியிருக்கிறது. "கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்பதே அப்போது பெரும்பாலும் நாவில் எழும் சொல். விடுபட்ட நிகழ்ச்சிகளை விரல்மடித்து எண்ணிக் காட்டுவோரும் உளர். மனக்குறைக்கு அவ்விடுபாடுகளே காரணமா என்பதுதான் நம் ஐயம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. மணிரத்னம் அதனை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு படங்களாக்கினார். ஐந்து பாகங்களும் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துள் அடங்கவேண்டுமாயின் சிலர் வெளியேறத்தான் வேண்டும். மணிமேகலை வெளியேறினாள். சேந்தன் அமுதனே அரியணைக்கு உரியவன் என்னும் திருப்பமும் போயிற்று. இவை இழப்புகளே, மறுப்பதற்கில்லை. எனினும், அனைத்தையும் சேர்த்து முப்பது மணி நேரப் படமாக எடுத்திருந்தாலும் அன்பர்கள் மனநிறைவு அடைந்திருப்பார்கள் என்று நாம் கருதவில்லை.

திரைப்படம் பார்ப்பதைப் பெரியவர்கள் அவ்வளவாக விரும்பாத இல்லத்தில் பிறந்தவர் நாம். கதைகள் யாவும் அச்சுவழியேதான் நம்மை வந்தடைந்தன. பாட்டியார் இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருந்த தொடர்கதைக் கட்டுகளை உம்மா வாய்விட்டுப் படிப்பார், நாம் கேட்போம். ஆபத்தான கட்டத்தில் கல்கி அத்தியாயத்தை முடிப்பார். உம்மாவும் கட்டை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். மறுநாள் வரையில் வந்தியத்தேவனைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையது! எத்தனை சுரங்கவழிகளை அமைத்துக் கொடுத்திருப்போம்! தொடர் வெளிவந்த நாளில் இப்பொறுப்பு வாசகர்க்கு வாரம் முழுவதும் இருந்தது. இடையிடையே வாசகர்களை விளித்து, கைப்பிடித்து அழைத்துச் செல்வதுபோல் பேசும் கல்கியின் குரலும் இக்கூட்டுறவை வளர்த்தது. திரையில் அக்குரலுக்கு இடமில்லை, காத்திருப்புக்கும் இடமில்லை.

"ஆளுக்கொரு நந்தினி" என்று பெருமை பேசுவோர் ஓவியர் மணியத்தை மறந்துவிடுகிறார்கள். தொடர் வெளிவந்தபோதே அவர் முகங்களை வரைந்து கொடுத்துவிட்டார். ஆனால் ஓவியம் பேசாது, நடவாது. குரலையும் நடையையும் அது நம்மிடமே விட்டுவைத்தது. நடிகர் எதையும் விட்டுவைப்பதில்லை. அது நடிகரின் குற்றமும் அன்று. அவர் தொழிலின் இயல்பு.

மூலத்தினின்று விலகுவதே குற்றமெனில், மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) பெரும் கண்டனத்துக்கு உள்ளாகியிருக்க வேண்டும். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டு எழுந்த அப்படம் அதனினின்று நெடுந்தூரம் விலகியது. மக்கள் கொண்டாடினார்கள். 'சிற்றன்னை'யை மனத்தில் குடிவைத்திருந்தோர் எத்தனை பேர்?

இவ்வகையில் நம்மை மிகவும் சிந்திக்கவைத்தது வைக்கம் முகம்மது பஷீரின் 'மதிலுகள்'. திருவனந்தபுரம் சிறை, ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் இடையே ஓங்கிய மதில். அப்பால் நாராயணி இருக்கிறாள். அவள் வந்திருப்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழும் ஒரு சுள்ளி. மற்றபடி குரல் மட்டுமே. நேரில் காணும் நாளைக் குறித்தபின், அந்நாள் வருமுன்னரே பஷீருக்கு விடுதலை வந்துவிடுகிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் இதனைப் படமாக்கினார், 1990இல் வெளிவந்தது. நாராயணியை அவரும் காட்டவில்லை. இதனினும் நேர்மையாக ஒரு படைப்பாளி நடந்துகொள்ள இயலுமா? ஆயினும் குறை எழுந்தது. குரல் கொடுத்தவர் கே.பி.ஏ.சி. லலிதா. கேரள மக்களுக்கு மிகவும் பழகிய குரல் அது. கேட்டவுடன் அவர் முகம் தோன்றிவிடுமே! மதிலுக்கு அப்பால் இருந்தவள் யாரென்று தெரிந்துபோயிற்று.

இன்று நம் மாணவருள் பலர் படத்தைப் பார்த்த பின்னரே நூலை எடுக்கிறார்கள். வந்தியத்தேவன் கார்த்தியாகவே அவர்கள்முன் குதிரையேறி வருகிறான். படம் அவர்களை நூலகம் வரை அழைத்து வந்ததே என்று மகிழ்கிறோம். சுரங்கவழி தோண்டும் வேலை அவர்களுக்கு இல்லாமற் போயிற்றே என்று வருந்தவும் செய்கிறோம். ஆகவே ஒரு வகுப்பில் 'மதிலுகள்' கதையைப் படத்துக்கு முன்னதாகவே படிக்கச் செய்து, நாராயணியின் குரல் எத்தகையது என்று எழுதி வரப் பணித்தோம். கரகரத்த குரல் என்றார் ஒருவர். தம் பெரியம்மாவின் குரல் என்றார் இன்னொருவர். ஒரு மாணவி மட்டும் வெறுந்தாளைக் கொடுத்து, "கேட்கிறது ஐயா, எழுத வரவில்லை" என்றார். மறுவாரம் படத்தைக் காட்டினோம். அவ்வகுப்பில் ஒருவருக்கும் அந்தக் குரல் பிடிக்கவில்லை.