கொலோனில் பார்த்த கம்மாபுரம்

மகள் குடும்பம் ஜெர்மனியில், கொலோன் நகரில். விடுப்பில் போயிருந்தோம். ஞாயிறன்று கடை திறக்காது என்பது தெரியாமல் முதல் வாரமே பாலில்லாத காபி. காலி பிளாஸ்டிக் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட்டுக்குச் சீட்டு வரும். என் மனைவி பேரனோடு தினமும் பாட்டில் தேடக் கிளம்பிவிடுவார்!

ஒருநாள் கார்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் போனோம். "தாத்தா, உங்க ஊர் மிஷின்!" என்றான் பேரன். அதே ராட்சதச் சக்கரம். அங்கேயும் ஊர்களைக் காலி செய்துதான் தோண்டியிருக்கிறார்கள். ஆனால், தோண்டிய பள்ளத்தை மூடி, லோயஸ் என்கிற வளமான மண்ணைப் பரப்பி, முதலில் குதிரை மசால் விதைத்து, ஏழு வருடம் பண்படுத்தித்தான் விவசாயியிடம் கொடுக்கிறார்கள். அப்படி மீட்ட வயலில் ஒரு கை மண் அள்ளினேன். மண்புழு நெளிந்தது. 2023 ஜூலையில் நம் வளையமாதேவியில் நெற்பயிருக்குள் வாய்க்கால் வெட்டியது நினைவுக்கு வந்தது.