ஒரு ராத்திரி தூரம்

நானும் என் மனைவியும் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகன், மருமகள், பேரன் மூவரும் சென்னை அண்ணாநகரில். நடுவில் சுமார் 650 கிலோமீட்டர். ஆனால், "பையன் எவ்வளவு தூரத்துல இருக்கான்?" என்று யாராவது கேட்டால் நான் கிலோமீட்டர் கணக்கு சொல்வதில்லை. "ஒரு ராத்திரி தூரம்" என்றுதான் சொல்வேன்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் எழும்பூர். 1979ல் வேலைப் பயிற்சிக்காக முதன்முதலில் மெட்ராஸ் போனதும் இந்த வழியில்தான். அப்போது மீட்டர் கேஜ். தகரப் பெட்டி ஒன்று, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதம், சட்டைப் பையில் நாற்பது ரூபாய். எழும்பூரில் இறங்கியதும் பிளாட்பாரத்துக்குள்ளேயே கார் வந்து நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்தது இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அகலப் பாதை வந்தது. 2023 செப்டம்பரில் வந்தே பாரத்தும் வந்துவிட்டது. காலையில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் சென்னை. நல்ல வண்டிதான், இரண்டு முறை போயிருக்கிறேன். இருந்தாலும் எங்களுக்கு ராத்திரி வண்டிதான் தோது. பகல் வீணாகாது என்பது ஒரு காரணம். வீட்டில் படுப்பதைவிட ரயிலில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும் என்பது இன்னொன்று. என் மனைவி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "நீங்க தூங்குறது ஊருக்கே கேக்குது, மத்தவங்க எங்க தூங்குறது?" என்பாள்.

எங்கள் பயணத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. சாயங்காலம் நான் டவுனுக்குப் போய் இருட்டுக்கடையில் வரிசையில் நின்று அல்வா வாங்கி வருவேன். அவள் இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டி வைப்பாள். சட்னி, சாம்பார் கிடையாது. ஓடுகிற வண்டியில் சாம்பார் என்ன பாடு படுத்தும் என்பதை ஒருமுறை எதிர் சீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் தெரிந்துகொண்டோம். கோவில்பட்டி தாண்டியதும் பொட்டலத்தைப் பிரிப்போம். மாத்திரைகள் சட்டைப் பையில்தான் இருக்கும், பெட்டிக்குள் வைப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டும் நேரத்தில் பெட்டியைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

காலையில் செங்கல்பட்டு வரும்போது எழுந்துவிட வேண்டும். தாம்பரம் வரை தூங்கினால் முகம் கழுவ வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம், செங்கல்பட்டில் தண்டவாளத்தை ஒட்டியே விரிந்து கிடக்கும் கொளவாய் ஏரி. விடியும் வெளிச்சத்தில் அதைப் பார்த்தால்தான் எனக்குச் சென்னை வந்த மாதிரி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாடி வீடுகளும் மின்சார ரயிலும்தான். 2018ல் எழும்பூர் மெட்ரோ திறந்த பிறகு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் வேலையும் போயிற்று. அதே வண்டி அண்ணாநகர் டவர் வரை போகிறது, வழியில் இறங்கி மாற வேண்டாம்.

இனி, என் வயதுக்காரர்களுக்காக டிக்கெட் விஷயம். முன்பு 120 நாளுக்கு முன்னால் எடுக்கலாம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 60 நாள்தான். காலை எட்டு மணிக்குத் திறக்கும். மூத்த குடிமக்களுக்கென்று இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. ஆனால் கீழ்ப் படுக்கைக்கான தனி ஒதுக்கீடு இப்போதும் உண்டு. அறுபது வயது தாண்டிய ஆணும், நாற்பத்தைந்து தாண்டிய பெண்ணும் அதில் கேட்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்கலாம். வயது குறைந்த ஒருவரைச் சேர்த்துவிட்டால் அந்த ஒதுக்கீடு நமக்குக் கிடைக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன கோடை விடுமுறைக்கு எட்டு வயதுப் பேரன் எங்களோடு வந்து இருந்தான். பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு அவனைக் கொண்டுபோய் விட மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுத்தேன். தேர்ட் ஏசியில் கிடைத்தது ஒரு நடு, ஒரு மேல், ஒரு பக்கவாட்டு மேல். கீழ்ப் படுக்கை ஒன்றுகூட இல்லை.

எங்களைப் பார்த்ததும் ஒரு கல்லூரிப் பெண் கேட்காமலேயே எழுந்து, "ஆன்ட்டி, நீங்க இங்க படுத்துக்குங்க" என்று தன் கீழ்ப் படுக்கையைக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டு மேலுக்குப் போய்விட்டது. பேரன் மேலே ஏறிக்கொண்டான். எனக்கு நடு.

நடுப் படுக்கையில் உட்கார முடியாது. நுழைந்துதான் படுக்க வேண்டும். நுழைந்துவிட்டேன். ஆனால் திருச்சி வரும் நேரத்தில் இறங்க வேண்டிய அவசரம் வந்தது. ஒரு காலைத் தொங்கவிட்டுக் கம்பியைத் தேடினேன், அகப்படவில்லை. வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் இருட்டில் அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எதிர்க் கீழ்ப் படுக்கையில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "தோளைப் பிடிச்சுக்குங்க சார்" என்று முதுகைக் காட்டி நின்றார். இறங்கினேன். அதற்குப் பிறகு மேலே ஏறவில்லை. மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே விடியும்வரை வந்தேன். இளைஞனாக இருந்தபோது எத்தனையோ பெரியவர்களுக்கு என் கீழ்ப் படுக்கையைக் கொடுத்திருக்கிறேன். கொடுப்பது சுலபம். வாங்கிக்கொள்ளத்தான் மனசு கூசியது.

இதை மகனிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். பேரன் விழித்திருந்தது எங்களுக்குத் தெரியாது. எழும்பூரில் அப்பாவைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் செய்தியே அதுதான்: "அப்பா, தாத்தா ராத்திரி இறங்க முடியாம மாட்டிக்கிட்டாரு!"

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு மகன் பேச்சை எடுத்தான்.

"எதுக்குப்பா இந்த வயசுல இப்படி அலையணும்? வீட்ட வித்துட்டு இங்கயே வந்துருங்க."

முன்பும் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் சிரித்துவிட்டு விடுவேன். இந்த முறை அவன் குரலில் பயம் இருந்தது. அவன் சொல்வது தப்பில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீடு, கொல்லையில் நிற்கும் முருங்கை, காலையில் கூட நடக்க வரும் மூன்று சிநேகிதர்கள், இவர்களையெல்லாம் எந்தப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவது?

"தம்பி, இங்க வந்துட்டா உன்னைப் பார்க்க நான் கிளம்பி வர முடியாதேப்பா" என்றேன். "அல்வா வாங்கி, இட்லி கட்டி, உங்க அம்மா கூட ரயில் ஏறி வர்ற சந்தோஷம் போயிரும். வண்டில ஏற முடியாத நாள் வரும். அன்னைக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் விடு."

அவன் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டான். கோபமோ என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை எட்டு மணி தாண்டி இரண்டு நிமிஷம். போனில் செய்தி வந்தது. அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து எழும்பூர், எனக்கும் மனைவிக்கும், இரண்டும் லோயர். அவனே காத்திருந்து எடுத்திருக்கிறான். மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "போற டிக்கெட் மட்டும்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து, அதே எட்டு மணிக்கு, இன்னொரு செய்தி வந்தது. எழும்பூரிலிருந்து திருநெல்வேலி. இரண்டும் லோயர்.