சொப்பனக்காரி

அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அவள். யோசேப்பைக் கண்டதும் அவன் அண்ணன்மார் சொல்லும் 'சொப்பனக்காரன்' தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்த சொல். அதைப் பெண்பாலாக்கி அவளைக் கூப்பிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவனைக் கொன்று குழியில் போடலாம் என்று பேசிக்கொண்டபோதுதான் அண்ணன்மார் அப்படிச் சொன்னார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

சொல்வதெழுதுதல் நடக்கும்போது அவள் பென்சில் நின்றுவிடும். பார்வை நிலைகுத்தும். இமை லேசாகத் துடிக்கும். பத்து விநாடி இருக்கும். பிறகு ஒன்றும் நடவாததுபோல எழுதுவாள். நோட்டில் 'பள்' என்று ஒரு சொல் பாதியில் நிற்கும். அடுத்த சொல் இருக்காது. அதற்கடுத்தது பிழையில்லாமல், குண்டு குண்டான எழுத்தில் இருக்கும். அதன்மேல் சிவப்பு மையால் 'கவனம் இல்லை' என்று எழுதினேன்.

ஒருநாள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. பகற்கனவு காணும் பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பும். இவள் திரும்பவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் எல்லார் முன்னாலும் வைத்த பெயரைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. 'திமிர்' என்றேன். கடைசி பெஞ்சுக்கு அனுப்பினேன். அவள் அம்மாவை வரவழைத்து, "வீட்டில கண்டிச்சு வைங்க" என்றேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனது அவள் சித்தி. பிள்ளையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னாராம். அங்கேயே வந்துவிட்டது. இஇஜி எடுத்ததில் விநாடிக்கு மூன்று என்று கூர்முனை அலைகள். கை கால் இழுக்காத வலிப்பு. பெரும்பாலும் நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும். ஒரே நாளில் பல தடவை வரும். முறையாக மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். வகுப்பில் நிற்கும் டீச்சர் கண்ணில்தான் பல நேரம் முதலில் படும். என் கண்ணிலும் பட்டது. அந்தப் பிள்ளை தெருவைக் கடக்கும்போது, கிணற்றடியில் நிற்கும்போது அந்தப் பத்து விநாடி வந்திருந்தால்? நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் அவள் அந்த ஆபத்தோடுதான் நடமாடினாள்.

மாத்திரை கேட்டது. எழுத்து விடுபடுவது நின்றது. பெயர் நிற்கவில்லை. நான் அதட்டியும் பிள்ளைகள் முற்றத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த அவள் அம்மா தட்டை இறக்கி வைத்தாள். என்னைத் திட்டவில்லை. "நானும்லா டீச்சர் அவள அடிச்சேன்" என்றாள். அவள் அடித்தது என் பேச்சைக் கேட்டு.