மரத்தவளையும் கூடு காக்கும் மீனும்

மிச்சிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், இண்டியானா எல்லைக்குச் சற்று வடக்கே, டோவாஜாக் என்னும் சிற்றூர் இருக்கிறது. பனியுகத்தின் முடிவில் பின்வாங்கிய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற பெருங்கட்டிகள் மண்ணில் புதைந்து, நாளடைவில் உருகி, அவை கிடந்த பள்ளங்களெல்லாம் ஏரிகளாகி அவ்வூரை எத்திசையிலும் சூழ்ந்திருக்கின்றன. மாநிலம் முழுவதிலும் உள்நாட்டு ஏரிகள் 11,000-க்கு மேல் உண்டு என்பது கணக்கு. பொடவாட்டமிப் பழங்குடியினரில் பொகேகன் பிரிவார் இந்த நீர்நிலைகளை நம்பி வாழ்ந்தவர்கள்; 1830-களில் அமெரிக்க அரசாங்கம் அவர்களுடைய இனத்தாரில் பலரை மிஸிஸிப்பி நதிக்கு அப்பால் துரத்தியபோதும் இவர்கள் தங்கள் மண்ணை விட்டு அகலாமல் நின்றுவிட்டார்கள்; இன்றும் அவர்களுடைய நிர்வாகத் தலைமையிடம் இவ்வூரில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசத்து ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களையும், அவர்களுக்கு வேண்டிய கருவிகளைச் செய்தவர்களையும் நேரில் கண்டு பேசவேண்டும் என்று நெடுநாளாக எனக்கிருந்த ஆவலைத் தீர்த்துக்கொள்ள நான் இவ்வூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஜேம்ஸ் ஹெட்டன் என்ற தேனீ வளர்ப்பவர் ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்பதே.

ஹெட்டனைப் பற்றி ஊரார் இன்றும் சொல்லும் கதை சுருக்கமானது. ஆலைக் குளத்தின் கரையில் நண்பர் ஒருவருக்காகக் காத்திருந்தவர், பொழுது போவதற்காகக் கையிலிருந்த மரத்துண்டு ஒன்றைக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தாராம். நண்பர் வந்ததும் அதைத் தண்ணீரில் வீசி எறிய, ஆழத்திலிருந்து எழுந்த பாஸ் மீன் ஒன்று அந்த மரத்துண்டை மூர்க்கமாகத் தாக்கியதாம். கதை அப்படியே நடந்ததோ, பின்னால் வியாபாரத்துக்காக மெருகேறியதோ, 1890-களின் இறுதியில் அவர் தம் கையால் மரத்தவளைகளைச் செதுக்கி முள் பொருத்தினார் என்பதும், 1902 வாக்கில் டோவாஜாக் என்ற பெயரிட்ட மரத்தாலான செயற்கை இரைகள் விற்பனைக்கு வந்தன என்பதும், அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் நடத்திய தொழிற்சாலை உலகப் பிரசித்தி பெற்றது என்பதும் உண்மை. அந்தக் கதையை நம்புவதற்கு எனக்குள்ள நியாயம் மீனின் ஸ்வபாவத்திலேயே இருக்கிறது. பச்சை முதுகும், விலாவில் கருமையான பட்டையும், கண்ணையும் தாண்டிப் பின்னால் நீளும் தாடையும் கொண்ட பெரிய வாய் பாஸ், பசிக்காக மட்டும் வாய் திறப்பதில்லை. தான் காவல் நிற்கும் இடத்தில் அந்நியமாக எது வந்து விழுந்தாலும் அதை விரட்டுவதற்காகவும் பாய்ந்து கவ்வும். தேன்கூட்டின் அருகே பல ஆண்டுகள் நின்று பழகிய ஒருவர், ஒரு ஜீவன் ஏன் தாக்குகிறது என்பதைப் பிறரைவிட விரைவில் அறிந்திருப்பார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஹெட்டனுக்கு முன்னரே இந்தத் தூண்டிற்கலைக்கு ஒரு பரம்பரை ஏற்பட்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நூலுருளை பலமுறை சுழலும்படி பற்சக்கரங்கள் அமைத்த ரீல் ஒன்றைச் செய்தார். கடிகாரம் செய்த கைகளே அந்நாளில் இந்த ரீல்களையும் செய்தன. 1881-இல் சின்சினாட்டி நகரில் ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற வைத்தியர் பாஸ் மீனுக்கென்றே ஒரு பெரிய நூல் வெளியிட்டு, அதுவரை டிரவுட் மீனுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட மரியாதையை இதற்கும் பெற்றுத் தந்தார். டோவாஜாக்கிலிருந்து அதிக தூரமில்லாத கலமஸூவில், நாடகாசிரியரின் பெயரையே தாங்கிய வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர், நூல் ஒரே இடத்தில் குவியாமல் உருளையின் மேல் சீராகப் படியும்படி செய்யும் ரீலை 1890-களில் அமைத்தார். உயிருள்ள தவளையையும் சிறுமீனையும் முள்ளில் கோத்து மூங்கிற்கோலால் பிடித்த காலம் இவ்வாறு மெல்ல மெல்ல மறைந்தது.

தொழிற்சாலை 1980-களின் நடுவில் இவ்வூரை விட்டுப் போய்விட்டது. பெயரும் அச்சுகளும் ஆர்க்கன்ஸாவுக்குச் சென்றன. பழைய கட்டடத்தில் இப்போது ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக வைக்கப்பட்ட இரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இளம் வயதில் அத்தொழிற்சாலையின் வர்ணப் பிரிவில் வேலை செய்த மூதாட்டி ஒருவருடன் பேசும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மீனின் முதுகில் அத்தனை நுண்மையாகச் செதில்கள் தெரிகின்றனவே, தூரிகையால் ஒவ்வொன்றாக எழுதினீர்களா என்று கேட்டேன். அவர் தம் கைக்குட்டையை எடுத்து இரு கைகளாலும் விறைப்பாக இழுத்து, ஒரு விரலின் மேல் போர்த்திக் காட்டினார். முதலில் மரத்துக்கு வெள்ளை அடிப்பூச்சு. அது காய்ந்தபின் செதிலுக்குரிய நிறம். அதுவும் காய்ந்தபின் மெல்லிய வலைத்துணியை அதன்மேல் இழுத்துப் போர்த்தி, வலைக்கண்களின் ஊடாக வேறொரு வர்ணத்தைப் பீய்ச்சி அடிப்பது. துணியை எடுத்துவிட்டால், நூல் மறைத்த இடங்களில் அடி நிறம் கோடுகளாக நின்று செதிலுருவம் காட்டும்.

"துணியை இழுத்துப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தாலும் செதில் வராது, திட்டுத்திட்டாகிவிடும். அப்படிப்பட்டதை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிடுவார், சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்" என்றார்.

அதன்பின் கண். முற்காலத்தில் கம்பி முனையில் பதித்த கண்ணாடிக் கண்களை மரத்தில் செருகினார்கள். பிற்காலத்தில் கண்ணையும் வர்ணத்தாலேயே இட்டார்கள். 1930-களில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் 'ஸ்பூக்' என்ற வகை வந்ததிலிருந்து மரத்தின் ஆதிக்கம் படிப்படியாகக் குறைந்தது. ஆனால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உடலுக்கும் வர்ணம் தீட்டப் பெண்களின் கைகளே வேண்டியிருந்தன. இரையின் பெட்டியில் கம்பெனியின் பெயர் இருந்தது; செதிலை வரவழைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. காட்சிச்சாலையில் இருக்கும், இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்க விரும்பும் ஒவ்வொரு பழைய இரையும் அத்தகைய ஒருவரின் பிற்பகல் நேரத்து உழைப்பு என்பதை அந்த அம்மையாருடன் பேசியபிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

மறுநாள் வைகறையில், சிஸ்டர் லேக்ஸ் என்று கூட்டாக வழங்கும் ஏரிகளில் ஒன்றில், மீன் பிடிக்க வருவோரைப் படகில் அழைத்துச் செல்வதையே ஜீவனமாகக் கொண்ட ஒருவருடன் புறப்பட்டேன். மே மாதம்; கரையோரத்து ஓக் மரங்களில் இலைகள் முழுதாக விரியவில்லை. அவருடைய படகு தாழ்ந்து அகன்றது. நடுவில் மீனை உயிரோடு வைப்பதற்கான, காற்றுக் கலந்த நீர் ஓடும் தொட்டி. முனையில் சத்தமின்றி இயங்கும் மின்மோட்டார். இம்மாதிரி மோட்டாரை 1934-இல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் செய்யத் தொடங்கினார்கள். துடுப்புப் போட்டுக்கொண்டே தூண்டிலும் வீச முடியாமல் தவித்த மனிதனுக்கு அது இரண்டு கைகளையும் விடுவித்துக் கொடுத்தது; என் அபிப்பிராயத்தில் ரீலுக்குப் பின் இக்கலையில் நிகழ்ந்த மாறுதல்களுள் அதுவே மிகப் பெரியது.

அல்லிக்கொடிகளின் வெளி விளிம்பில் அவர் வீசிய முதல் சில வீச்சுகளிலேயே ஒரு மீன் அகப்பட்டது. கோலை உயர்த்தாமல், தங்கூசி நரம்பு தளராமல், கொடிகளுக்குள் அது தலை நுழைப்பதற்குமுன் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுவந்து, கட்டைவிரலைக் கீழ்த்தாடைக்குள் வைத்துத் தூக்கினார். அத்தாடையின் உட்புறம் உப்புத்தாளைப்போல் சொரசொரப்பானது. பருவத்தில் தினமும் மீன் பிடிப்பவர்களின் கட்டைவிரல் தோல் உரிந்தே இருக்கும். அவர் விரலும் அப்படித்தான் இருந்தது. நனைந்த கையால் வயிற்றைத் தாங்கி, முள்ளைக் குறட்டால் திருப்பி எடுத்து, நீருக்குள் விட்டுவிட்டார். இவையெல்லாம் நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நடந்தன.

பிறகு மோட்டாரை நிறுத்தி, நீரின் பளபளப்பை மறைக்கும் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, கரைப்பக்கம் ஆழமற்ற மணற்பாங்கான ஓரிடத்தைக் காட்டினார். வட்டமாக, சேறு நீங்கிச் சரளை வெளுத்துத் தெரிந்த பள்ளம். அதன்மேல் ஒரு மீன் அசையாமல் நின்றது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆண் பாஸ் தன் வாலால் அடித்தடித்து இந்தக் கூட்டை அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். முட்டைக்கு வண்டல் படியாமல் துடுப்பால் விசிறுவதும், குஞ்சு பொரித்து அவை கூட்டமாக நீந்தப் பழகும் வரையில் காவல் நிற்பதும் தந்தையின் வேலை. அந்நாட்களில் அது சரியாக உண்பதுமில்லை. அதன் வால்நுனி தேய்ந்து சிவந்திருந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். சற்று அப்பால் புளூகில் என்ற சிறுமீன்கள் கூட்டமாகத் தயங்கித் தயங்கி நின்றன. ஒன்று நெருங்கியதும் காவல் மீன் பாய்ந்து விரட்டிவிட்டு உடனே பழைய இடத்துக்கு வந்தது.

"இங்கே என்ன வீசினாலும் கடிக்கும். கூட்டிலிருந்து ஒதுக்கித் தள்ளத்தான் கவ்வுகிறது. அதைப் பிடித்து, புகைப்படம் எடுத்து, திரும்ப விடுவதற்குள் அந்தச் சிறுமீன்கள் முட்டையைத் தின்றுவிடும். நான் கூட்டின்மேல் வீசுவதில்லை, என் படகில் வருபவர்களையும் வீச விடுவதில்லை" என்றார் அவர்.

இவ்வார்த்தைகளின் பின்னால் நெடிய ஆராய்ச்சி ஒன்று இருப்பதை நான் முன்பே படித்திருந்தேன். இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஃபாக்ஸ் ரிட்ஜ் பூங்காவுக்குள் ரிட்ஜ் லேக் என்ற சிறிய ஏரி இருக்கிறது. அது 1941-இல் ஆராய்ச்சிக்கென்றே தொடங்கப்பட்டது; அங்கே தூண்டிலிட வருபவர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், பிடித்த மீன் ஒவ்வொன்றும் அளக்கப்படும். 1970-களின் இறுதியில் மீன்களுக்கு அடையாளமிட்டு, பிடித்ததைத் திரும்ப விட்டுக் கவனித்தபோது, சில மீன்கள் மீண்டும் மீண்டும் அகப்பட்டன. சில ஒருமுறைகூட அகப்படவில்லை. 1980-இல் ஏரியை வடித்து, அவ்விரு வகையாரையும் தனித்தனியே பெருக்கி, மூன்று தலைமுறைகள் தொடர்ந்து பார்த்தார்கள். எளிதில் தூண்டிலில் அகப்படும் தன்மை தலைமுறை வழியாக இறங்கும் ஒன்று என்பது நிரூபணமாயிற்று. 2009-இல் முடிவுகள் வெளியாயின. அதே மீன்களைக் கொண்டு நடத்திய வேறு ஆராய்ச்சிகளில், எளிதில் அகப்படும் பரம்பரையைச் சேர்ந்த ஆண்களே கூட்டை அதிக சிரத்தையோடு காப்பவை என்பதும் தெரியவந்தது. ஆகவே வசந்த காலத்தில் கரையோரம் தூண்டில் வீசுகிறவன் ஏரியிலுள்ள தந்தையருள் சிறந்தவற்றையே தேடித் தேடி எடுக்கிறான். இதைவிடப் பாரமான செய்தி எதையும் இத்துறையில் நான் அறிந்ததில்லை.

முன்னாட்களில் பிடித்த மீன்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதே வழக்கம். அப்படங்கள் காட்சிச்சாலையிலும் உண்டு. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் 1967-இல் ஆர்க்கன்ஸாவின் பீவர் லேக்கில் பெரும் போட்டியொன்று நடத்தி, 1972 முதல் தம் போட்டிகளில் மீனை உயிரோடு திரும்ப விடவேண்டும் என்று வலியுறுத்தியபின் மனப்பான்மை மாறியது. மத்திய மேற்கு ஏரிகளில் இன்று மீனைக் கொண்டுபோகிறவரைவிட விட்டுவிடுபவரே கௌரவமானவராகக் கருதப்படுகிறார். இது மகத்தான மாறுதல்; சந்தேகமில்லை. ஆனால் திரும்ப விட்டுவிட்டால் தீங்கே இல்லை என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. மிச்சிகனில் 2015 முதல், உடனே விட்டுவிடுவதானால் ஆண்டு முழுவதும் பாஸ் பிடிக்கலாம் என்று விதி இருக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ள கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளிலோ, வசந்தத்தில் இம்மீனுக்குத் தூண்டிலிடுவதே நெடுங்காலமாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது.

நாங்கள் சென்ற படகின் முனையில் ஒரு திரையும் இருந்தது. படகுக்கு முன்னால் நீருக்குள் நீந்தும் மீனையும், அதை நோக்கி இறங்கும் இரையையும் அந்தந்தக் கணத்திலேயே காட்டும் இவ்வகை ஒலியலைக் கருவிகள் 2018 முதல் பரவின. தொழில்முறைப் போட்டி நடத்துவோரும் இப்போது இவற்றுக்கு வரம்பு விதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர் அதை இயக்கி எனக்குக் காட்டிவிட்டு அணைத்துவிட்டார். ஆழத்தில் கிடக்கும் பாறையையும் களைவிளிம்பையும் அறிய அது உதவும் என்றும், மீனையே துரத்த அதைப் பயன்படுத்துவது தமக்கு உவப்பானதல்ல என்றும் சொன்னார். அவரிடம் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களில் சிலர் இதனாலேயே வேறு படகுகளுக்குப் போய்விடுகிறார்களாம். அவ்வருமான இழப்பை அவர் சலிப்பில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

கரை சேர்ந்தபின் கூட்டின்மேல் தூண்டில் வீசுவதைப் பற்றி எங்களுக்குள் வெகுநேரம் விவாதம் நடந்தது. கூடு கட்டும் அந்தச் சில வாரங்களுக்கேனும் கரையோரத்தில் தூண்டில் விழக்கூடாதென்று மாநிலம் சட்டம் செய்யவேண்டும் என்பது என் கட்சி. அவரோ, ஒவ்வொரு மூலையிலும் காவலர் நிற்க முடியாது, கூட்டை ஒருமுறை கண்ணால் பார்த்தவன் அதன்மேல் வீசமாட்டான், ஆகையால் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவதே தம் வேலை என்றார். அவர் காட்டியதனால் கண்டவன் நான். அவர் சொல்வதை மறுக்க எனக்கு உரிமையில்லைதான். ஆனாலும் அவருடைய படகில் ஏற வாய்ப்பில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, சட்டமும் வேண்டும் என்றே இன்னும் எனக்குத் தோன்றுகிறது.