கிழக்கு நோக்கிய பயணம் – 6: நிஷிகசாயில் பள்ளிக்கூடம்

டோக்கியோவில் வங்கிகளும் பெருநிறுவனங்களும் செறிந்த ஓதேமாச்சியிலிருந்து தோசாய் சுரங்க ரயிலில் கிழக்கே சென்றால், இருபது நிமிடத்துக்குள் நிஷிகசாய் வந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் நேரவிருந்த தேதிக் குழப்பத்தைச் சரிசெய்ய அழைக்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் எடோகவா வட்டாரத்தைச் சேர்ந்த இந்தப் பகுதியில் தங்கத் தொடங்கியதற்கு, நேரடி ரயில் வசதியோடு, யூஆர் எனப்படும் அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளும் காரணமாயின. தனியார் வீடுகளுக்கு ஜாமீன்தாரரும், ரெய்கின் என்னும், உரிமையாளருக்குக் கொடுத்துத் திரும்பப் பெற முடியாத தொகையும் கேட்கப்படுவது வழக்கமாயிருக்க, யூஆர் இவ்விரண்டையும் கேட்பதில்லை. தனியாக வந்தவர்கள் பின்னர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள, இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் பெருகின. இன்று அங்கு வாழும் இந்தியர்களில் தமிழர்களும் உண்டு.

வீடு அமைந்த பதினான்கு நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தாக வேண்டும் என்பது சட்டம். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு அத்தகைய சட்டக் கட்டாயம் வெளிநாட்டுப் பெற்றோருக்கு இல்லை. ஆறாண்டுத் தொடக்கப் பள்ளி, மூன்றாண்டு நடுநிலைப் பள்ளி என்னும் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வி ஜப்பானியக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய கடமையாகக் கொள்ளப்படுகிறது. பெற்றோர் விண்ணப்பித்தால், வெளிநாட்டுப் பிள்ளைக்கும் பொதுப் பள்ளியில் கட்டணமில்லா இடமும் இலவசப் பாடநூலும் கிடைக்கும். 2004-இல் தொடங்கிய இந்தியா இன்டர்நேஷனல் பள்ளி போன்றவை இந்தியப் பாடத்திட்டத்தை நாடுவோருக்கு உதவினாலும், அவற்றின் கட்டணத்தைத் தாங்க இயலாதவர்களும், நாட்டோடு ஒன்றி வாழ விரும்புபவர்களும் பொதுப் பள்ளியையே தேர்கின்றனர்.

ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டில், ரந்தொசெரு என்னும் விறைப்பான முதுகுப்பையைச் சுமந்து, முதல் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியுடன் நடந்தே பள்ளிக்குச் செல்கிறார்கள். பெற்றோர் வாசல்வரை கொண்டுவிடுவதில்லை. மாறாக, முறைவைத்து மஞ்சள் கொடியுடன் சாலைச் சந்திப்புகளில் நின்று, எல்லார் பிள்ளைகளும் சாலையைக் கடக்க உதவும் பொறுப்பை ஏற்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் தெருச் செருப்பை மாடத்தில் வைத்து, உவாபாகி என்னும் உட்புறக் காலணிக்கு மாறுவதும், பாடநேரம் போக வகுப்பறையையும் நடைவழியையும் துணியால் தாங்களே துடைப்பதும் அன்றாட ஒழுங்கின் பகுதிகள். துப்புரவு கற்பித்தலுக்கு வெளியே நிற்கும் வேலையன்று என்னும் இந்த எண்ணமே ஜப்பானியத் தொடக்கப் பள்ளியின் மிகச் சிறந்த கூறு என்று உறுதியாகச் சொல்லலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு, அதிலும் சைவ உணவுக்காரர்களுக்கு, உண்மையான சிக்கல் எழுவது மதிய உணவில்தான். 1954-ஆம் ஆண்டின் பள்ளி உணவுச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட க்யூஷொகு என்னும் உணவுமுறையில், வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாற, ஆசிரியரும் அதே அறையில் அதே உணவை உண்கிறார்; உண்பதும் பாடமாகவே கருதப்படுகிறது. ஆனால் சாறு, குழம்பு, வேகவைத்த காய் ஆகிய பலவற்றுக்கும் அடிப்படையான தாஷி என்னும் வடிசாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீன் சீவல்களிலிருந்து எடுக்கப்படுவதால், கண்ணுக்கு வெறும் கீரையாகத் தெரியும் உணவிலும் மீன் கலந்திருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவச் சான்றின் பேரில் மாற்று வழிகள் உண்டு. சமயமோ வழக்கமோ காரணமானால், பள்ளியோடு பேசி வீட்டிலிருந்து பெந்தோ, அதாவது கட்டுச்சோறு, அனுப்புவதே பெரும்பாலும் வழி. முன்கூட்டியே வரும் மாத உணவுப் பட்டியலைப் பார்த்து, அன்றைய உணவின் தோற்றத்தையொத்த சைவ உணவைச் சமைத்து அனுப்பும் தாய்மாரும் உண்டு. தனித்துத் தெரிவதைப் பிள்ளைகள் எவ்வளவு அஞ்சுவார்கள் என்பதை அறிந்த அன்பு அது.

அலுவலகத்தில் ஆங்கிலத்தோடு காலம் தள்ளும் தந்தையைவிட, பள்ளியின் சுற்றறிக்கைகளைப் படிக்கவேண்டிய தாய்க்கே மொழியின் சுமை அதிகம். ஹிராகானா, கதகானா என்னும் இரு அசையெழுத்து வரிசைகளோடு, முதல் வகுப்பில் 80 கான்ஜிகளையும், ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 1,026 கான்ஜிகளையும் பிள்ளை கற்கிறது. சீனத்திலிருந்து வந்த இவ்வெழுத்துகள் பொருளையும் சுட்டுபவை. மொழி தெரியாவிட்டாலும் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்ப்பது பொதுவான வழக்கமாதலால், ஜப்பானிய மொழிக்கெனத் தனி வகுப்பு நடத்தும் பள்ளி எது என்று முதலிலேயே கேட்டறிவது நலம். சில மாதங்களில் பிள்ளை பெற்றோருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கிவிடும். மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அதையே அழைத்துச் செல்லும் பழக்கம் பிள்ளையின் மேல் தகாத பாரத்தை ஏற்றுகிறது.

2019-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் முதன்முறையாக நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு, ஏறத்தாழ 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சேராதிருக்கலாம் அல்லது அவர்களது நிலை தெரியவில்லை என்று காட்டியது. கடமை ஒரு சாராருக்கு மட்டுமே என்றிருக்கும்வரை இந்த இடைவெளி அடைபடாது. சட்டம் திருத்தப்பட வேண்டும். அதுவரை, ஜப்பானில் குடியேறும் பெற்றோர் முகவரியைப் பதியும் அதே நாளில் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.