ஒரு செவ்வாய்க்கிழமைக்காக

ஜெர்மனிக்குப் போகப் போகிறேன் என்று சொன்னவுடன் சிநேகிதர்களின் முகம் மலர்கிறது. "பெர்லினா, மூனிச்சா?" என்று கேட்கிறார்கள். "ஹாலே" என்கிறேன். மலர்ந்த முகம் சற்றே குவிந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சாலே நதிக்கரையில் இருக்கும் அந்த ஊரைத் தேடிக்கொண்டு நம் ஊரிலிருந்து யாரும் கூட்டமாகக் கிளம்புவதில்லை.

ஆனால் தமிழ் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த ஊரோடு ஒரு பழைய பந்தம் உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு படித்தது அங்கேதான். அவருடைய அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துக்களை வார்த்துக் கப்பலில் அனுப்பியதும் அந்த ஊரார்தான். 1714-ல் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் ஒருவரும் உடன் சென்றார். பிரயாணத்தில் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் அச்சாயிற்று.

அந்த மலையப்பனை வைத்து நான் ஒரு நாவல் தொடங்கினேன். ஆறு அத்தியாயம் ஓடியது. கப்பல் ஐரோப்பாவை நெருங்கியதும் பேனா நின்றுவிட்டது. அந்தத் தெருக்களின் கல், அந்த ஊர் வெயிலின் நிறம், காலை மணியோசை எதுவும் தெரியாமல் ஒரு மனிதரை எப்படிக் கரையில் இறக்குவது? இரண்டு வருஷமாக மலையப்பன் கப்பலிலேயே நிற்கிறார். பதிப்பாளரோ கடிதம் எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டார். அது கோபத்தைவிட மோசமான அறிகுறி.

கையிலிருந்த பணத்துக்குக் கணக்குப் போட்டேன். நான் தனியாகப் போனால் மூன்று வாரம் தங்கலாம். மனைவியும் வந்தால் ஒன்பது நாள். இருபது வருஷமாக என் கையெழுத்துப் பிரதிகளை முதலில் படிக்கிறவள் அவள். கப்பல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குக் குளிரவே இல்லையே!" என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஒன்பது நாள் என்று முடிவு செய்தேன்.

ஒன்பது நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? எங்கள் திட்டத்துக்கு ஆணிவேர் ஒன்றே ஒன்று. பிராங்கே என்ற பாதிரியார் அங்கே ஓர் அனாதை விடுதியையும் பள்ளிகளையும் தொடங்கினார். அந்த அறநிலையம் இன்றும் இருக்கிறது. அதன் ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் தமிழ் ஓலைச் சுவடிகளும் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும், எதற்காக என்று விவரமாக எழுதிக் கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வரலாம் என்று பதில் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையை நடுவில் நட்டு, மற்ற நாட்களை அதைச் சுற்றிப் பந்தல் போட்டேன்.

ஜூன் மாதம் வேண்டாமென்று முன்பே தள்ளியிருந்தேன். ஹாலே சங்கீத மேதை ஹாண்டெல் பிறந்த ஊர். அவர் பெயரால் விழா நடக்கும் அந்த நாட்களில் ஹோட்டல் அறைக்கு அலைய வேண்டும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான். செப்டம்பர் எங்களுக்குத் தோதாக இருந்தது.

விசா விஷயத்தில் அவசரமும் ஆகாது, சோம்பலும் ஆகாது. பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் மனுப் போட முடியாது. குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகவாவது போட்டாக வேண்டும். சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள். சிக்கல் என்றால் நாற்பத்தைந்து நாள்வரை போகலாம். நான் நாற்பத்தைந்தையே கணக்கில் வைத்துக்கொண்டேன். 2024 ஜூன் முதல் ஆளுக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸும் வேண்டும். இதெல்லாம் பணத்தோடு தீரும். தீராத கேள்வி வேறு: "மாத வருமானம் எவ்வளவு?" உத்தியோகஸ்தர் சம்பளச் சீட்டை நீட்டுவார். எழுத்தாளன் எதை நீட்டுவது? மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கையும், பதிப்பாளர்களின் ராயல்டிச் சீட்டுக்களையும், காப்பகத்தார் எழுதிய கடிதத்தையும் அடுக்கினேன். என் இலக்கிய வாழ்க்கை முழுவதும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கிவிட்டதைப் பார்க்கச் சிறிது வருத்தமாகத்தான் இருந்தது.

விமானம் எங்களை பிராங்க்பர்ட்டில் இறக்கும். அங்கிருந்து ஹாலேக்கு வேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். முன்கூட்டியே வாங்கினால் டிக்கெட் மலிவு. ஆனால் குறிப்பிட்ட அந்த வண்டிக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதித்தால் மலிவு டிக்கெட் காகிதமாகிவிடும். ஆகையால் முதல் இரவை பிராங்க்பர்ட்டிலேயே கழிக்கிறோம். டிக்கெட்டில் 'ஹாலே (சாலே)' என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெஸ்ட்பாலியாவில் இன்னொரு ஹாலே இருக்கிறது. அங்கே போனால் புல்தரை டென்னிஸ் மைதானத்தைப் பார்க்கலாம். ஓலைச் சுவடி கிடைக்காது.

ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2024-ல் அவர்களுடைய தொலைதூர வண்டிகளில் நூற்றுக்கு அறுபத்திரண்டு சொச்சம்தான் நேரத்துக்குப் போயினவாம். அதிலும் ஆறு நிமிஷத்துக்குக் குறைந்த தாமதம் தாமதமே அல்ல என்பது கணக்கு! ஆகவே திங்கட்கிழமை மாலை போய்ச் சேரும் யோசனையைக் கைவிட்டு, சனிக்கிழமையே போகிறோம்.

சனிக்கிழமை போவதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் கடைகள் அநேகமாக அடைத்துவிடும். ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. ரொட்டி, பழம், தயிர், தண்ணீர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் இருபத்தைந்து சென்ட் வாபஸ். ஞாயிறன்று அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். திங்களன்று பெரும்பாலும் மூடல். எனவே ஞாயிற்றுக்கிழமை நெப்ரா வட்டத்தகடு. சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் பொன்னில் பதித்த வெண்கலத் தகடு அது. மண்ணில் புதைந்து சுமார் 3,600 வருஷம் ஆயிற்றாம். திங்கட்கிழமை எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. சந்தைச் சதுக்கத்தின் ஐந்து கோபுரங்களுக்குக் கீழே சும்மா நடக்கப் போகிறோம். நாவலுக்கு அந்தத் திங்கட்கிழமை முக்கியம். புதன்கிழமை காலை பெர்லின்; ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அது மனைவிக்காக.

சாப்பாட்டுப் பொறுப்பு அவளுடையது. பாலும் பால் பண்டமும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை என்றதும் நெய்யும் பால்கோவாவும் பெட்டியிலிருந்து வெளியேறின. கறிவேப்பிலைக்கும் அதே கதி. ஆனால் சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் பழங்கள் ஐந்து இருக்கின்றன: அன்னாசி, வாழை, பேரீச்சை, டுரியன், தேங்காய்.

"தேங்காய் கொண்டு போகலாமா?" என்றாள் ஆச்சரியத்துடன். "அதை எங்கே உடைக்கிறது? ஹோட்டல்காரன் என்ன சொல்வானோ!" பிறகு பருப்புப் பொடியை இரட்டை உறையில் கட்டிக்கொண்டே, "அந்த மலையப்பன் அங்கே என்னத்தைச் சாப்பிட்டிருப்பார்?" என்று கேட்டாள்.

குறிப்பு நோட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டி, அவள் கேள்வியை முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.